கால் ஸ்பூன் சொரணை

சலவை நிலையத்தில் அவளை லேபிளம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். வந்து இறங்குகிற மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு துணியின் கழுத்தையும் இடுப்பையும் புரட்டி, உள்ளே தைத்திருக்கும் துண்டு லேபிளைப் படித்து, இது வெந்நீர், இது பச்சைத் தண்ணீர், இது இஸ்திரிப் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாதது என்று கூடை கூடையாகப் பிரிப்பதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அந்த ஆவிக்குள் நிற்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் பிரித்துப் போட்ட துணியில் ஒன்று சுருங்கியதில்லை, ஒன்று கருகியதில்லை. இதை அவளாக யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாள். யாராவது சொன்னால் தடுக்கவும் மாட்டாள்.

அந்தக் கண்ணுக்கு வீட்டிலும் ஒரு வேலை வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், தெருவுக்கே லிஃப்ட்காரர். கால் வீங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரிடம், சிறுநீரகம் இரண்டும் சேர்ந்து கால்வாசிதான் வேலை செய்கிறது என்றார்கள். வாயைக் கட்டினால் இப்படியே பல வருஷம் ஓட்டலாம், கட்டாவிட்டால் வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்கிற மிஷினில் படுக்க வேண்டியதுதான் என்றார்கள். மிஷின் என்றால் லிஃப்ட்காரருக்கு உயிர். ஆனால் தான் போய்ப் படுக்கிற மிஷின் என்றதும் மனிதர் வெலவெலத்துப் போனார்.

அவள் விடிகாலையில் கிளம்பி மாலையில் வருகிறவள். அவருக்கோ எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வேளையும் பத்தியம் பார்த்துச் சமைக்க யாருக்கு முடிகிறது? தெருமுனையில் சமைத்த சாப்பாட்டைத் தட்டு டப்பாவில் போட்டு, மேலே மூடி அழுத்திக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி விற்கிற கடை ஒன்று இருந்தது. வாங்கிப் போய்ச் சூடாக்கினால் போதும். கடையை நடத்துகிற பெரிய உடம்புக்காரிக்கு டப்பாக்கா என்று பெயர். அவளே சமைத்து, அவளே நிரப்பி, என்னென்ன போட்டாள் என்று சின்ன மிஷினில் லேபிள் அடித்துத் தேதியோடு மூடியில் ஒட்டிவிடுவாள்.

எந்த டப்பா வாங்கலாம், எது ஆகாது என்று லேபிளம்மாவுக்குப் பழக்கிவிட்டவள் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்கிற பெண். அவள் அறைச் சுவரில் பெரிய தட்டுப் படம் ஒன்று மாட்டியிருக்கும். லிஃப்ட்காரர் அவளுக்குத் தட்டு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார். உப்பு எவ்வளவு? அந்தக் கணக்கு முழு டப்பாவுக்கா, பாதி டப்பாவுக்கா? பாஸ்பேட் மாதிரி ‘பாஸ்’ என்று ஆரம்பிக்கிற மருந்துப் பெயர் ஏதாவது ஒளிந்திருக்கிறதா? கறி எத்தனை துண்டு? உருளை, தக்காளி, வாழைப்பழம் என்று பொட்டாசியம் கூடின சாமான் உண்டா? இவ்வளவையும் டியூப்லைட்டுக்கு நேரே டப்பாவைத் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டுத்தான் லேபிளம்மா பையில் போடுவாள். அவள் மனசில் எல்லாவற்றுக்கும் ஒரு கூடை இருந்தது. சோடியம் உப்புக் கூடையில். பொட்டாசியம் பழக்கூடையில்.

"தங்கச்சி, நீ வாங்குறது ஒரு டப்பா. படிக்கிறது ஒரு பரீட்சைக்கு" என்பாள் டப்பாக்கா.

"நீங்க எழுதறத ஒருத்தியாவது படிக்கணும்ல, அக்கா?"

"படி, படி. நீ வந்தப்புறம்தான் நான் ஒழுங்காவே எழுதறேன். அதுக்கு முன்னாடியெல்லாம் ‘மசாலா வகையறா’ன்னு அடிச்சு ஒட்டிட்டுப் போயிட்டே இருப்பேன்."

இப்படித்தான் இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது. தட்டு டாக்டர் சொன்னபடி டப்பாக்கா லிஃப்ட்காரருக்கென்று தனிப் பாத்திரம் வைத்தாள். காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைப்பாள். மற்றவர்கள் டப்பாவுக்கு வெள்ளை மூடி, அவருக்குப் பச்சை மூடி. போன மாதம் ஒருநாள் லேபிளம்மா கேட்டாள், "அக்கா, உப்ப இன்னும் கொஞ்சம் கொறைக்க முடியுமா? எண்ணு எல்லைக்குப் பக்கத்துல நிக்குது. எனக்குப் பக்குனு இருக்கு."

"கொறைச்சா வாயில வைக்க முடியாதேடி. இப்பவே உன் வீட்டுக்காரர் உப்புச் சப்பில்லாத மூஞ்சியோடதான் போறாரு. இரு, ஒரு வழி பாக்கறேன்."

இரண்டு நாளில் வழி பார்த்துவிட்டாள். லேபிளில் உப்பின் எண் பாதியாக இறங்கியிருந்தது. லேபிளம்மா இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை சிரித்தாள். வீட்டில் அவர் ஒரு வாய் எடுத்துவிட்டு, "அட! இன்னைக்குத்தான் வாய்க்கு வெளங்குது" என்றார். டப்பாவை வழித்துச் சாப்பிட்டார். இரண்டு வருஷத்தில் அவர் வழித்துச் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தாள்.

அது நடந்து நான்கு வாரம் இருக்கும். மூன்று நாளாக விடாத மழை. மழை என்றால் சலவை நிலையத்தில் மூட்டை இரட்டிப்பாகும். ஈரத் துணி, சேற்றுத் துணி, ஆவியில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். காலையில் கொடுத்த ரத்தத்தின் முடிவு வந்திருந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு ரத்தத்துல உப்பு ரொம்ப ஏறியிருக்கும்மா. ஆறு புள்ளி ஒண்ணு. இன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. வாயக் கட்டச் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்களா?"

உப்பா? பின்னால் மிஷின் போட்ட இரைச்சலில் நர்ஸ் இன்னும் ஏதோ சொன்னாள். இவள் காதில் ஏறவில்லை. கையிலிருந்த துணியை எந்தக் கூடையில் போட்டாள் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்தார். தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஒரு பொடி எழுதினார். ஒரு வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்றார். "இந்த உப்பு ஏறினா இதயத்துக்கு ஆகாதுங்க. மருந்துல கொஞ்சம் எறக்கலாம், ஆனா சாப்பாட்டுல ஏதோ உள்ள போயிட்டே இருக்கு. அது என்னன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க. நடுவுல ஒரு தடவ பாத்துக்கலாம். அடுத்த வாரம் வரைக்கும் எறங்கலேன்னா மிஷின் பத்திப் பேச வேண்டியிருக்கும்." வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். தட்டு டாக்டர் இரண்டு நாள் லீவு. ‘இந்த உப்பு’ என்று டாக்டர் சொன்னதில் ‘உப்பு’ மட்டும்தான் லேபிளம்மாவுக்குள் இறங்கியது. ‘இந்த’ வாசலிலேயே நின்றுவிட்டது.

அன்று மாலை அவர் வழக்கம்போலப் பச்சை மூடியைத் திறந்து உட்கார்ந்தார். அவள் எதிரே நின்றாள்.

"என்கிட்ட மறைக்காதீங்க. எங்க வெச்சுத் திங்கறீங்க?"

"எத?"

"உப்பத்தான், வேற எத? வேலைக்குப் போற எடத்துல வாங்கித் திங்கறீங்களா, இல்ல டப்பா மேலயே தூவிக்கறீங்களா?"

"ரெண்டு வருஷமா அந்தப் பக்கம் தலவெச்சுப் படுக்கல நான்."

"அப்புறம் ரத்தத்துல எப்படி ஏறும்? காத்துலயா?"

"அதத்தான் நானும் யோசிக்கறேன்."

"யோசிக்கறீங்களா! ஒரு மாசமா ருசியா இருக்கு ருசியா இருக்குன்னு வழிச்சு நக்கறீங்களே, அப்பவே எனக்கு ஒறச்சிருக்கணும். பாதி உப்புப் போட்ட சோறு எப்படிங்க ருசிக்கும்?"

"ருசிச்சுது, சொன்னேன். அது ஒரு தப்பா?"

"நான் அங்க ஆவியில வெந்துட்டு, இங்க வந்து கடையில நின்னு எழுத்தெண்ணிப் படிச்சு வாங்கிட்டு வரேன். யாருக்காக? நீங்களும் உப்புப் போட்டுத்தானே சாப்பிடறீங்க? கொஞ்சமாவது சொரணை வேணாம்?"

சொல்லிவிட்டாள். எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். குழாயடியிலும் பஸ்ஸிலும் நாளைக்கு நாலு தடவை காதில் விழுகிற வசவுதான். ஆனால் உப்பு ஜாடியைத் தொடாமல் இரண்டு வருஷம் வாயைக் கட்டி உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? கேட்ட நிமிஷமே அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

அவர் ஸ்பூனை டப்பாவிலேயே வைத்தார்.

"இல்ல" என்றார் மெதுவாக. "போட்டுச் சாப்பிடறதில்ல. ரெண்டு வருஷமாச்சு. அதான் சொரணையும் சேர்ந்து போயிடுச்சு போல."

எழுந்து குளிக்கப் போய்விட்டார். பாதி டப்பா அப்படியே இருந்தது.

லேபிளம்மாவுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடச் சந்தேகம் பெரிசாக வந்தது. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்தாள். ஸ்பேனர், டெஸ்டர், ஒயர்ச் சுருள், கையுறை, அடியில் ஒரு பொட்டலம். பிரித்தால் வெள்ளைப் பொடி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். வாயெல்லாம் மாவாக ஒட்டியது. கையுறைக்குள் கை வழுக்கிப் போகத் தூவிக்கொள்கிற பவுடர் அது. அவள் சிங்கில் நின்று துப்பித் துப்பி வாய் கொப்பளித்தபோது அவர் துண்டோடு வந்து வாசலில் நின்றார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். அவள் உதட்டில் இருந்த வெள்ளையைப் பார்த்தார். பெட்டியை மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போனார். இரண்டு திட்டு திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் காலையில் லிஃப்ட்காரர் மனைவியோடு பேசவில்லை, கெட்டிலோடு பேசினார்.

"ஒரு லிஃப்ட் நின்னு போச்சுன்னா, மேல இருக்கவன் கீழ இருக்கவனத் திட்டுவான், கீழ இருக்கவன் மேல இருக்கவனத் திட்டுவான். நாம யாரையும் திட்டறதில்ல. என்ன கேப்போம்? நேத்து வரைக்கும் ஓடிச்சே, நடுவுல எவன் எதுல கைய வெச்சான்? அதத்தான் கேப்போம். இந்த வீட்ல அப்படிக் கேக்கற வழக்கம் இல்ல."

கெட்டில் கொதித்து அடங்கியது. லேபிளம்மா வேலைக்குப் போன் செய்து, வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் பின்பக்கத்து அலமாரியைத் திறந்து, எதையோ கொண்டுவந்து தரையில் வரிசையாக வைத்தார். எல்லாம் சாப்பாட்டு டப்பாவின் மூடிகள். அவருக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. கழுவிக் காயவைத்து, ஒன்றில் ஆணி, ஒன்றில் வாஷர், ஒன்றில் ஃபியூஸ் என்று போட்டுவைத்திருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் டப்பாக்காவின் லேபிள் தேதியோடு ஒட்டியிருந்தது. ஆணியையெல்லாம் ஒரு தாளில் கொட்டிவிட்டு, தேதி வாரியாகப் பதினோரு மூடிகளையும் கவிழ்த்து அடுக்கினார்.

"கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல" என்றார் கெட்டிலிடம். "படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா படிக்கலாம்."

அவள் தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"மொத ஆறும் ஒரே மாதிரிதான் இருக்கு. அரிசி, கோழி, முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு, எண்ணெய், உப்பு."

"அடுத்தது?"

"அரிசி, கோழி, பீன்ஸ், வெங்காயம், பூண்டு, எண்ணெய்..." அவள் நிறுத்தினாள்.

"எண்ணெய்?"

"குறைந்த சோடியம் உப்பு."

"அதுக்கு அடுத்தது?"

"அதேதான். அதுக்கப்புறம் எல்லாத்துலயும் அதேதான்."

"எந்தத் தேதியிலேருந்து?"

தேதியைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அது டப்பாக்கா வழி பார்த்த நாள். கடையில் மூன்றாம் தடவை படித்துவிட்டு அவள் சிரித்த நாள்.

"கைய வெச்சது நான்தாங்க" என்றாள். "நான்தான் கேட்டேன். இன்னும் கொறைங்கன்னு."

"கொறைச்சா கொறையத்தானே செய்யணும்? ஏறுவானேன்?" கெட்டிலை மறந்து அவர் நேராக அவளிடமே கேட்டுவிட்டார். அவள் எழுந்து குடையை எடுத்தாள். அந்த ஒரே குடையில் இரண்டு பேரும் டப்பாக்கா கடைக்குக் கிளம்பினார்கள். மழைத் தண்ணீர் தெருவில் கணுக்கால் வரை ஓடியது.

டப்பாக்கா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் சேர்ந்து பார்த்ததும், "என்ன, மாப்பிள்ளையும் பொண்ணுமா வந்திருக்கீங்க?" என்று சிரித்தாள். விஷயத்தைக் கேட்டதும் மேல்தட்டிலிருந்து உப்புப் பாக்கெட்டை எடுத்துவந்து மேடையில் வைத்தாள்.

"இதான். பாரு, எவ்ளோ பெரிசாப் போட்டிருக்கான். ‘குறைந்த சோடியம்’. இதயத்துக்கு நல்லதுன்னு படம்கூடப் போட்டிருக்கான். வெலையும் கூடத்தான். நான் வேற எதையும் கலக்கல, என் பாத்திரத்து மேல சத்தியம்."

லேபிளம்மா முன்பக்கத்தைப் படிக்கவில்லை. துணியின் கழுத்தைப் புரட்டுகிற கைதானே அது? தானாகவே பாக்கெட்டைப் பின்பக்கம் திருப்பியது. தையலோரமாக எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

"சோடியம் குளோரைடு... பொட்டாசியம் குளோரைடு." குரல் இறங்கிவிட்டது. "‘சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.’"

டப்பாக்கா பக்கத்து முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயையோ. என்னடி சொல்ற? நான் நல்லதுன்னு நெனச்சுல்ல போட்டேன்? ஒரு மாசமா என் கையாலயா..."

"ஏன் உங்க கையக் குத்தம் சொல்றீங்க? நான் கேட்டேன், நீங்க குடுத்தீங்க. லேபிள்ல நீங்க மறைக்காமத்தான் எழுதியிருக்கீங்க. அதப் படிச்சுட்டுப் பல்லக் காட்டினது நான். பொட்டாசியம்னா வாழப்பழத்துக்குள்ளதான் இருக்கும்னு நெனச்சுட்டேன். அது உப்பு வேஷம் போட்டுட்டு வரும்னு யாரு கண்டா?"

"அண்ணே, என்ன மன்னிச்சிருங்க."

"அட, நீ ஏம்மா?" என்றார் லிஃப்ட்காரர். பாக்கெட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல ஆட்டினார். அவர் முகத்தில் நேற்றிலிருந்து இல்லாத வெளிச்சம் இருந்தது. "கோளாறு என்னன்னு தெரிஞ்சு போச்சுல்ல? தெரியாத கோளாறுக்குத்தான் பயப்படணும். அதோட, எனக்கு ருசிச்சது நெசந்தான்னும் தெரிஞ்சு போச்சு."

கடைசி வாக்கியத்தை அவர் யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேர்ந்தது.

மறுநாள் தட்டு டாக்டர் லீவு முடிந்து வந்தாள். பாக்கெட்டையும் மூடிகளையும் மேஜையில் பரப்பியதும், நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"இதுல பாதி என் தப்பும்மா. பழமும் கிழங்கும் சொன்னேன், இந்த உப்பச் சொல்லாம விட்டுட்டேன். போன்ல வெறும் உப்புன்னு சொன்னதும் தப்பு. இங்க நாங்க எது ஏறினாலும் உப்புன்னு சொல்லிப் பழகிட்டோம்."

"நோவில்லாதவங்களுக்கு இது நல்ல உப்பா, மேடம்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"பலருக்கு ஒண்ணும் செய்யாது. உங்க சிறுநீரகம் அத வெளிய தள்ளாது, உள்ளேயே தங்கிடும். பழைய உப்புக்கே திரும்பிடுங்க. உங்களுக்கு மட்டும் சொல்றேன், வேளைக்குக் கால் ஸ்பூன், தட்டி அளந்து. அதுக்கு மேல ஒரு கல்லு கூடாது."

"நம்பர் எறங்கட்டும் மேடம். அதுவரைக்கும் எனக்கு எந்த உப்பும் வேணாம்."

"அவ்வளவு கறாரு தேவையில்லையே, சார்?"

"இருக்கட்டும்" என்றார். லேபிளம்மா மடியில் இருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு வாரம் அவர் கோழியும் சோறும் வெந்த காயும் உப்பில்லாமல் தின்றார். முகம் சுளிக்கவில்லை, குறை சொல்லவில்லை. அதுதான் அவளை வாட்டியது. சலவை நிலையத்திலிருந்து வந்து கைகால் கழுவியதும் அவள் கடைக்குத்தான் ஓடினாள். டப்பாக்கா தனிப் பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளியாக்கியிருந்தாள். கடையில் இருந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் பாட்டிலையும் எடுத்து இரண்டு பேரும் பின்பக்கம் திருப்பிப் படித்தார்கள். சூப்புத் தூளில் அதே பெயர் இருந்தது. தொட்டுக்கொள்ளும் சாஸ் ஒன்றில் ‘பாஸ்’ இருந்தது. டப்பாக்கா ஒரு கூடையை இழுத்து அதில் எல்லாவற்றையும் போட்டாள். இனிப் பச்சை மூடி லேபிளில் உப்பின் பெயரையே பெரிய எழுத்தில் அடிப்பது என்று முடிவாயிற்று.

"முன்பக்கம் படிக்கிறவளுக்கு நான் விக்கிறேன். பின்பக்கம் படிக்கிறவளுக்குப் பயப்படறேன்" என்றாள் டப்பாக்கா. ஒரு வாரத்தில் அன்றுதான் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் மாலை, அவர் மூடிகளை நிமிர்த்தி, ஆணியைத் திரும்பப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து வாஷர்களைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

"பத்தொன்பது வருஷத்துல ஒரு துணியச் சுருக்கினதில்ல நான்" என்றாள். "வீட்ல ஒரு மனுஷனச் சுருக்கிட்டேன்."

அவர் ஒரு ஆணியை வெளிச்சத்தில் பார்த்தார். "லேபிள் ஒட்டாத துணி" என்றார். "நீ என்ன பண்ணுவ?"

அவள் அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். அடுத்த வாஷரை எடுத்துக் கொடுத்தாள்.

எட்டாம் நாள் மழை விட்டிருந்தது. சலவை நிலையத்தின் பின்முற்றத்தில் பல நாளுக்குப் பிறகு கொடியில் விரிப்புகள் காய்ந்தன. போன் அடித்தது, இந்தத் தடவை லேபிளம்மா மிஷின் இரைச்சலை விட்டு முற்றத்துக்கு ஓடினாள்.

"நாலு புள்ளி ஒம்பதும்மா" என்றாள் நர்ஸ்.

"என்ன நாலு புள்ளி ஒம்பது? பேரச் சொல்லுங்க."

"பொட்டாசியம்மா. பொட்டாசியம். நல்லா எறங்கிடுச்சு. திங்கக்கிழமையிலேருந்து வேலைக்குப் போகலாம்னு டாக்டர் சொன்னாரு. மிஷின் பேச்செல்லாம் இப்போதைக்கு இல்ல."

அவள் காய்கிற விரிப்பு ஒன்றின் பின்னால் போய் நின்று அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஈரம் பட்டது ஆஸ்பத்திரி விரிப்பா ஹோட்டல் விரிப்பா என்று லேபிளைப் பார்க்கவில்லை.

மாலையில் உப்புப் போடாத பச்சை மூடி டப்பாவோடு டப்பாக்காவும் வீடு வரை வந்தாள். எண்ணைத் தன் காதால் இன்னொரு தடவை கேட்க வேண்டுமாம். லிஃப்ட்காரர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. கருவிப் பெட்டி இப்போதே வாசலுக்கு வந்துவிட்டது. லேபிளம்மா சோற்றைச் சூடாக்கித் தட்டில் போட்டாள். வீட்டில் ஒளித்துவைத்திருந்த பழைய உப்பு ஜாடியைத் திறந்தாள். கால் ஸ்பூன் எடுத்து, விளிம்பில் கத்தியை ஓட்டித் தட்டி, மிஞ்சியதை ஜாடியிலேயே தள்ளிவிட்டு, தட்டின் மேல் பரவலாகத் தூவினாள். டப்பாக்கா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு வாய் எடுத்தார். மெதுவாக மென்றார். கண்ணை மூடினார்.

"சரி" என்றார். "அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டியே. இப்பக் கேளு."

"என்ன கேள்வி?" என்றாள் டப்பாக்கா.

லேபிளம்மா உப்பு ஜாடியை மூடினாள். "வேணாங்க."

"கேளுங்கறேன்ல."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீங்க உப்புப் போட்டுத்தானே சாப்பிடறீங்க?"

"ஆமா" என்றார் லிஃப்ட்காரர், அடுத்த வாயை எடுத்துக்கொண்டே. "கால் ஸ்பூன். என் பொண்டாட்டி அளந்து போடறது."